வீட்டுத் தோட்டம்: நம் ஊருக்கு எத்தனை முறை சொல்லிக்கொடுத்தார்கள்?



கொஞ்ச நாளாக எனக்கு வரும் செய்திகளில் பாதிக்குமேல் ஒரே கேள்விதான். "டீச்சர், வீட்டில் காய்கறி போடலாம் என்று இருக்கிறோம். எங்கே ஆரம்பிப்பது?" சென்னையில் அடுக்குமாடியில் இருக்கும் பிள்ளை கேட்கிறது. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பி வீடு கட்டிய பிள்ளை கேட்கிறது. எங்கள் வீட்டு மருமகளும் கேட்கிறாள்.

செய்முறை சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு. வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விட்டாலும் நான் வரலாற்றை விட்டதில்லை என்பது உங்களுக்கே தெரியும்!

"வீட்டில் தோட்டம் போடுங்கள்" என்று நம் மக்களுக்குச் சொல்வது இது முதல் முறை இல்லை. கடந்த எண்பது ஆண்டுகளில் குறைந்தது நான்கு முறை சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நோக்கம் நல்லதாகவே இருந்தது. அப்படியிருந்தும் ஒவ்வொரு முறையும் சில ஆண்டுகளில் வேகம் அடங்கிப்போனது. அது ஏன் அடங்கியது என்று தெரிந்துகொண்டால், உங்கள் தோட்டம் அடங்காமல் இருக்க வழி தெரியும்.

*நெற்களஞ்சியத்தில் காய் எங்கே இருந்தது?*

நம் தஞ்சைச் சீமையை நெற்களஞ்சியம் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். 1934-ல் மேட்டூர் அணை திறந்த பிறகு குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லே வயலை நிறைத்தது. 1960-ல் நாட்டில் ஏழு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கினார்களே, அதில் தஞ்சாவூரும் ஒன்று. அங்கேயும் பேச்சு நெல்லைப் பற்றித்தான். வரப்பில் உளுந்து, நெல் அறுத்த தாளில் பயறு. அதற்குமேல் வயலில் காய்கறிக்குப் பெரிதாக இடம் இருந்ததில்லை.

காய் இருந்த இடம் கொல்லை. கிணற்றடியிலிருந்து ஓடும் தண்ணீர் ஒரு வாழைக்கும் ஒரு சேம்புக்கும் போகும். பாத்திரம் கழுவிய தண்ணீர் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போகும். வேலி ஓரம் முருங்கை. பந்தலில் அவரை, புடல், பாகல், பீர்க்கு. கூரைமேல் ஏறிப் படர்ந்த சுரையும் பூசணியும். இதை யாரும் விவசாயம் என்று கணக்கில் எழுதவில்லை. கர்ணத்தின் அடங்கலில் நெல் இருக்கும், தென்னை இருக்கும். அம்மாவின் பந்தல் இருக்காது. அது பெண்களின் கைவேலை. நெல்லுக்கு ஆராய்ச்சி நிலையம் ஆடுதுறையில் 1922-லேயே வந்துவிட்டது. கொல்லைக்கு ஆராய்ச்சி நிலையமே பாட்டிதான்.

அந்தப் பாட்டியிடம் விதை இருந்தது. சுரை, பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அடித்து வைப்பார். கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி வைப்பார். அவரையும் பீர்க்கும் நெற்றோடு அடுப்புக்கு மேலே பரணில் புகை குடித்துக்கொண்டு தொங்கும். புகையும் சாம்பலும் வண்டை அண்டவிடாது. ஆடி பிறந்தால் அந்த விதை பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் போகும். விலை கிடையாது. அடுத்த வருஷம் உங்கள் பந்தல் பட்டுப்போனால் அங்கிருந்து திரும்பி வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கொல்லையில் இருந்த எல்லாமே ஆதிகாலத்து நாட்டுக்காய் என்று நினைக்க வேண்டாம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் கப்பல் வந்த பிறகு, 16-ஆம் நூற்றாண்டில்தான் நம் பக்கம் வந்தது. மிளகுபோல் காரமான காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்தோம். அதற்கு முன்னால் நமக்குக் காரம் என்றால் மிளகுதான். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் நிவேதனக் கணக்கில் கறியமுது வரும், மிளகமுது வரும், மிளகாய் வராது. தக்காளி, உருளை, பப்பாளி, மரவள்ளி எல்லாம் கடல் தாண்டி வந்தவையே. எது உள்ளூர், எது வந்தேறி என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. தஞ்சைப் பக்கம் திதிச் சமையல் செய்யும் ஆசாரமான வீட்டில் என்ன காய் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். வாழைக்காய், பாகல், அவரை, சேனை, சேப்பங்கிழங்கு இருக்கும். காரத்துக்கு மிளகு இருக்கும். தக்காளி, உருளை, கோஸ், கேரட் இருக்காது. புத்தகத்தில் எழுதாத வரலாற்றை அடுப்படி பத்திரமாக வைத்திருக்கிறது.

ஆக, வெளியிலிருந்து வந்த செடியையும் நம் கொல்லை ஏற்றுக்கொண்டது. எப்படி? விதை கைமாறியது, வளர்க்கும் விதமும் கூடவே கைமாறியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இங்கேதான் திரும்ப வருவோம்.

*சோறு நிறைய, சத்து குறைய*

அரிசி மட்டும் நிறைய இருந்தால் போதாது என்று முதலில் கணக்குப் போட்டுக் காட்டியது நம் குன்னூர். அங்கே 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். மில்லில் தீட்டிய அரிசியில் தவிட்டோடு தயாமின் சத்தும் போய்விடுவதால் வரும் நோய் அது. பிறகு அவர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடும் சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி என்று பஞ்சாபியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பங்காக இருந்த சென்னை மாகாணச் சாப்பாடு சாப்பிட்டவை கடைசி வரிசையில் நின்றன.

அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1937-ல் இந்திய உணவுப் பொருள்களில் என்னென்ன சத்து எவ்வளவு என்று ஓர் அட்டவணை நூல் வெளியிட்டார். நாம் மாட்டுக்குப் போடும் கீரைத் தண்டிலும் முருங்கை இலையிலும் இருக்கும் சத்தை எண்ணிக்கையில் பார்த்தது அப்போதுதான். அந்த ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

வயிறு நிறையச் சோறு சாப்பிடும் ஊரிலும் பிள்ளைகளுக்கு மாலைக்கண் வரும், வாயோரம் புண் வரும் என்பதற்குக் காரணம் இதுதான். கொல்லை இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் வித்தியாசம் பிள்ளையின் கண்ணில் தெரிந்தது. கூலி வேலை செய்து, அடுத்தவர் மனைக்கட்டில் குடிசை போட்டிருந்தவருக்குக் கொல்லை ஏது? காய்கறித் தோட்டம் என்பது பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

*முதல் முறை: யுத்த காலம்*

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. நெல் விளையும் நமக்கு அதனால் என்ன என்று கேட்கலாம். சென்னை மாகாணம் முழுவதற்கும் நம் நெல் போதாது. பர்மா அரிசியும் சேர்ந்துதான் மாகாணம் சாப்பிட்டது. 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் இருபது முப்பது லட்சம் பேர் மாண்டார்கள். அந்த நாட்களில்தான் அரசு "அதிக உணவு விளைவிப்போம்" என்ற இயக்கத்தைத் தொடங்கியது. கிடைத்த இடத்தில் எல்லாம் பயிர் செய்யுங்கள், பூந்தோட்டத்திலும் காய் போடுங்கள் என்று சொன்னார்கள்.

உலகமே அப்போது மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் பூங்காக்களை உழுது உருளைக்கிழங்கு போட்டார்கள். அமெரிக்காவில் 1943-ல் சுமார் இரண்டு கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன என்றும், நாட்டின் பச்சைக் காய்கறியில் ஏறக்குறைய 40 சதவீதம் அங்கிருந்து வந்தது என்றும் கணக்கிட்டார்கள்.

நம் ஊர் குடும்பங்களுக்கு நெருக்கமான கதை மலேயாவும் சிங்கப்பூரும். ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அளந்து கொடுக்கப்பட்டது, அதுவும் குறைந்துகொண்டே போனது. வீட்டு முற்றத்திலும் திடலிலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டுத்தான் மக்கள் உயிர் பிழைத்தார்கள். அக்கரை போய் வந்த பெரியவர்கள் சிலர் பின்னால் வசதி வந்தும் மரவள்ளிக்கிழங்கைத் தொடமாட்டார்கள். மூன்றரை வருஷம் அதையே தின்றவர்கள், வேறென்ன செய்வார்கள்? இங்கே திருவிதாங்கூரையும் யுத்த காலத்தில் தாங்கியது அதே கிழங்குதான். 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா தம் மக்களை மரவள்ளி பயிரிட ஊக்குவித்தது, அறுபது வருஷம் கழித்து அரிசி வராத நாளில் கை கொடுத்தது.

யுத்தம் முடிந்தது. 1952 ஜூனில் ராஜாஜி சென்னை மாகாணத்தில் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். கடையில் அரிசி கிடைத்தது. பூந்தோட்டம் மறுபடி பூந்தோட்டமானது. அதே 1952-ல் அந்த இயக்கத்தை ஆராய வி.டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையில் அமைத்த குழு அறிக்கை கொடுத்தது. உத்தரவு போட்டால் போதாது, கிராமத்திலேயே இருந்து மக்களோடு சேர்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்பது அதன் முக்கியமான பரிந்துரை. கிராம சேவக்குகள் ஊர் ஊராக வந்ததற்குப் பின்னால் இந்த யோசனை இருந்தது. முதல் பாடம் இது: விதையும் உத்தரவும் போதாது, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

*இரண்டாவது முறை: பள்ளிக்கூடம்*

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டில் பிறந்தது ஆதாரக் கல்வி. கைத்தொழில் வழியாகப் படிப்பு. நூற்பு, தோட்டம், நெசவு. சுதந்திரத்துக்குப் பிறகு நம் மாநிலத்தில் ஆதாரப் பள்ளிகளும் ஆதாரப் பயிற்சிப் பள்ளிகளும் வந்தன. ஆசிரியராகப் போகிறவரும் மண்வெட்டி பிடிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. ஆதாரக் கல்வி மெல்லத் தேய்ந்தாலும் அதன் வால் நீளமானது. நாங்கள் ஆசிரியர் பயிற்சி படித்தபோதும் தோட்ட வேலை இருந்தது. பிறகு 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, மையத்தை ஒட்டி முருங்கையும் கீரையும் போடுங்கள் என்று மறுபடி சொன்னார்கள்.

பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும். வகுப்புக்கு ஒரு பாத்தி. ஐந்தாம் வகுப்புப் பாத்திக்கும் நான்காம் வகுப்புப் பாத்திக்கும் எப்போதும் சண்டை. பரப்பளவு கணக்கை நான் பாத்தியில் வைத்துத்தான் நடத்தினேன். கயிறு பிடித்து நீளம், அகலம் அளந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு மறக்கவில்லை.

ஆனால் எந்தப் பள்ளித் தோட்டமும் நீடித்து நின்று நான் பார்த்ததில்லை. சோம்பேறித்தனத்தால் இல்லை. பள்ளிக்கூடத்தின் நாட்காட்டி வேறு, செடியின் நாட்காட்டி வேறு. ஏப்ரலில் பரீட்சை முடிந்து பூட்டினால் ஜூனில்தான் திறப்போம். சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் ஊற்ற யார் இருக்கிறார்கள்? செடி காய்ந்த பிறகு வேலி காயும், அப்புறம் ஆடு வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறை, பாத்தியில் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி வெறும் தரையில் ஆரம்பம்.

நின்றது எங்கே தெரியுமா? பள்ளியில் பிடுங்கிய நாற்றைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போன பிள்ளைகள் வீட்டில். அங்கே அம்மா இருந்தார். கோடை விடுமுறையிலும் அந்த வீட்டில் பாத்திரம் கழுவினார்கள்.

*மூன்றாவது முறை: மாலைக்கண்ணுக்கு மருந்து*

யுனிசெஃப், உலக உணவு வேளாண் அமைப்பு, உலக சுகாதார நிறுவனம் மூன்றும் துணை நிற்க, 1959-ல் ஒரிசாவில் ஒரு ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 1960-களில் மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. வீட்டுத் தோட்டம், பள்ளித் தோட்டம், கோழி, மீன் குட்டை. மாதர் சங்கத்தில் கிராம சேவிகா வந்து கீரை விதையும் பப்பாளிக் கன்றும் கொடுப்பார், சமைத்தும் காட்டுவார். 1965-ல் உணவுத் தட்டுப்பாடு கழுத்தைப் பிடித்தபோது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு சாப்பாட்டை விட்டுக்கொடுக்கக் கேட்டார். தம் வீட்டுப் புல்வெளியையே உழுது பயிர் போட்டார். 1970-ல் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்து கொடுக்கும் தேசியத் திட்டம் வந்தது. மருந்து உடனடித் தேவைக்கு, தோட்டம் நாளைய தேவைக்கு என்பது கணக்கு.

மருந்து வேலை செய்தது. தோட்டம் மட்டும் தேய்ந்தது. அதற்கு அதிகாரிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் வீடுகளே மாறிக்கொண்டிருந்தன. கிணறு போய் அடிபம்பு வந்தது, பிறகு போர் வந்தது. கடற்கரை ஒட்டிய நம் பக்கத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உவர்ப்பு. சீயக்காயும் சாம்பலும் கலந்து ஓடிய கழுவுநீரில் சோப்புத் தூள் கலந்தது. வாழை தாங்கும், மிளகாய் தாங்காது. பாகப்பிரிவினையில் கொல்லையின் நடுவே சுவர் வந்தது. மிச்ச இடத்தில் கழிவுநீர்த் தொட்டி வந்தது, அதன்மேல் சிமெண்ட் தளம் வந்தது. ஒட்டன்சத்திரத்துக் காய் லாரியில் விடிவதற்குள் கடைக்கு வந்தது. விதையும் பாக்கெட்டில் வந்தது. ஒட்டு ரக விதை முதல் வருஷம் நன்றாகக் காய்க்கும். அதிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறை தாயைப்போல் இருக்காது. எனவே பரணில் நெற்று தொங்கும் வழக்கம் நின்றது. பரணே நின்றது!

எல்லாமே இழப்பு என்று சொல்லமாட்டேன். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1980-களின் இறுதியில் கொடுத்த பி.கே.எம்.1 செடி முருங்கை நம் வீடுகளுக்குக் கிடைத்த பெரிய வரம். அதற்கு முன் முருங்கை என்றால் போத்து வெட்டி நட்டு, காய்க்கும்வரை காத்திருக்க வேண்டும். இதுவோ விதை போட்ட ஆறேழு மாதத்தில் காய்க்கும். கல்லூரி கொடுத்த விதையாக இருந்தாலும் அது கைமாறக்கூடிய விதை. அதனால்தான் வீட்டுக்கு வீடு பரவியது.

*நான்காவது முறை: பையும் கிட்டும்*

2013-ல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டக் கிட் கொடுத்தது. பை, தென்னை நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் ஒரே கட்டாக. அந்த நார்க்கழிவு ஒரு காலத்தில் நம் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கயிறு ஆலை ஓரம் மலைபோல் குவிந்து கிடந்த குப்பை! 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் மொட்டைமாடி எல்லாம் பச்சையானது. அதே ஆண்டு சிங்கப்பூர் அரசு, பதிவு செய்த வீடுகளுக்கு விதைப் பாக்கெட்டைத் தபாலில் அனுப்பியது. 2021-ல் நம் மாநிலத்தில் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம் வந்தது. 2022 ஜூனில் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், பொருளாதார நெருக்கடியின்போது, அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுப்பே கொடுத்தார்கள், வீட்டில் பயிர் செய்யச் சொல்லி. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். அந்த மாதம் எத்தனை பேர் எனக்குத் தக்காளி நாற்றுப் படம் அனுப்பினீர்கள்! அந்த நாற்றுகள் இன்று எங்கே என்று நான் கேட்கப்போவதில்லை.

இப்போது நான்கையும் சேர்த்துப் பாருங்கள். நான்கு முறையும் தோட்டம் போடச் சொன்னது ஏதோ ஒரு குறை வந்த நேரத்தில். குறை தீர்ந்ததும் தோட்டமும் போனது. அவசரத்துக்குப் போட்ட தோட்டம் அவசரம் இருக்கும்வரைதான் இருக்கும்.

*நின்றது எது?*

இதே காலத்தில் நம் பக்கத்திலேயே ஒரு காரியம் நின்றது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் அலையாத்திக் காடு நம்மை ஓரளவு காத்தது. நாகைப் பக்கம் வயலில் எல்லாம் கடல் நீர் ஏறி உப்பு படிந்தது. இனி அங்கே ஒன்றும் விளையாது என்று பேசிக்கொண்டிருந்தபோது, நம்மாழ்வார் அய்யா விவசாயிகளோடு நின்று பசுந்தாள் உரத்தாலும் மட்காலும் அந்த மண்ணை மீட்க உழைத்தார். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938-ல் பிறந்தவர். 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார்.

அவர் வழியில் வந்தவர் திருத்துறைப்பூண்டி அருகே கட்டிமேடு ஊர்க்காரர் நெல் ஜெயராமன். பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தார், ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்தினார். அவர் வைத்த விதி ஒன்றுதான்: இரண்டு கிலோ விதை வாங்கிப் போ, அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பிக் கொடு. 174 நெல் ரகங்கள் இப்படி மீண்டன. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. அடுத்த இருபதாம் நாள், டிசம்பர் 6-ல், அவரும் போய்விட்டார். விதை போகவில்லை. ஒருவர் கையில் இருந்திருந்தால் போயிருக்கும்.

அவர் செய்தது நெல்லுக்கு. ஆனால் அந்த விதி புதிதில்லை. பாட்டி பந்தல் விதையை எதிர் வீட்டுக்குக் கொடுத்து, பட்டுப்போன வருஷம் திருப்பி வாங்கினாரே, அதே கணக்குதான். திட்டங்கள் விதை கொடுத்தன. விதை எடுக்கவும் அடுத்தவருக்குக் கொடுக்கவும் சொல்லிக்கொடுப்பது கிட்டில் இல்லை.

*சரி, இனி செய்முறை*

புதிதாக ஆரம்பிப்பவர்களே, இதற்குமேல் நோட்டு எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் வெயில். ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் விழும் இடம் வேண்டும். தென்னை நிழலில் கத்தரி இலைதான் விடும்.

அடுத்து தண்ணீர். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அவரை, பீன்ஸ் முதலில் வாடும். பாலக்கீரை, பீட்ரூட் ஓரளவு தாங்கும். அரிசி, காய் கழுவிய தண்ணீர் நல்லது. சோப்புத் தண்ணீரும், வடிகட்டி இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரும் வேண்டாம். இரண்டிலும் உப்பு இருக்கிறது. மட்கிய எருவும், மண்மேல் போடும் சருகும் உப்பின் கொடுமையைக் குறைக்கும்.

மூன்றாவது பட்டம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதில் அறிவியல் இருக்கிறது. நாட்டுப் பந்தல் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் போட்டால் கொடி நன்றாக ஏறி, மார்கழி, தையில் காய்த்துத் தள்ளும். தையில் போட்டால் கொடி ஓடும், காய் வராது. அவரை, பூசணி, சுரை, பீர்க்கு, கத்தரி ஆடிக்கு. வெண்டை, கொத்தவரை, கீரை, வெள்ளரி தைக்கும் ஆகும். ஐப்பசி மழையில் நம் களிமண்ணில் தண்ணீர் நிற்கும். அதனால் பாத்தியை ஒரு அடியாவது உயர்த்திப் போடுங்கள். பை வைத்தால் அடியில் துளை இருக்கட்டும்.

நான்காவது, எதைப் போடுவது. முதல் வருஷம் மூன்றே செடி போதும். ஒன்று, தண்டுக்கீரை அல்லது சிறுகீரை. விதையை மணலோடு கலந்து தூவுங்கள். 25 முதல் 30 நாளில் பறிக்கலாம், உடனே பலன் தெரிந்தால் கை ஓயாது. இரண்டு, வெண்டை. விதையை இரவு ஊறவைத்து, ஒரு அங்குல ஆழத்தில், ஒன்றரை அடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை. 45, 50 நாளில் காய் வரும். மூன்று, ஒரு அவரைக்கொடி அல்லது ஒரு செடி முருங்கை. தக்காளிக்கு அவசரப்படாதீர்கள். அது நோய் அதிகம் வரும் செடி, இரண்டாம் வகுப்புப் பாடம்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். விதை. ஒட்டு ரகம் வேண்டாம், நாட்டு ரக விதை கேட்டு வாங்குங்கள். வாடல், நோய் இல்லாத நல்ல செடியாகப் பார்த்து, இரண்டு வெண்டைக்காயைப் பறிக்காமல் அதிலேயே முற்றிக் காய விடுங்கள். கத்தரி என்றால் மஞ்சளாகப் பழுக்கும்வரை விட்டு, விதையைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். சாம்பலில் புரட்டிக் காற்றுப் புகாத புட்டியில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து இரண்டு வீட்டுக்குக் கொடுங்கள். அடுத்த ஆடியில் உங்கள் விதை முளைக்காவிட்டால் கேட்டு வாங்க இரண்டு வீடு இருக்கும்.

இன்னும் ஒன்று. உங்கள் தெருவில் எழுபது, எண்பது வயதில் ஒரு அத்தையோ, பாட்டியோ, ஒரு உம்மாவோ இருப்பார். வீடியோ பார்ப்பதற்கு முன்னால் அவரிடம் போய் உட்காருங்கள். எந்த மண்ணில் எது வரும், எந்தப் பூச்சிக்கு எந்தச் சாம்பல் என்று உங்கள் தெருவுக்கான பாடம் அவரிடம்தான் இருக்கிறது. அதற்கு மறுபதிப்பு கிடையாது. அவர் சொல்வதை எழுதி வையுங்கள், அவர் பெயரும் சேர்த்து.

வீட்டுப்பாடம் இதுதான்: வரும் ஆடிக்கு மூன்று செடி, அடுத்த ஆடிக்கு முன் இரண்டு வீட்டுக்கு விதை. செடியின் படத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். விதையை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், அதற்குத்தான் மதிப்பெண்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
முத்துப்பேட்டை.